சுமிதா: ஒரு திருத்தம்

நான்கு நாட்கள் ஒரு நகரத்தில் இருந்துவிட்டு அதைப் பற்றி எழுதக் கூடாது என்பது என் கட்சி. தமிழில் பயணக் கட்டுரை என்ற பெயரில் குவிந்திருப்பவற்றைப் படித்து ஏற்பட்ட கட்சி அது. ரயில் ஒரு நிமிஷம் பிந்துவதில்லை, தெருவில் ஒரு காகிதம் கிடப்பதில்லை, எல்லோரும் குனிந்து வணங்குகிறார்கள், நாம் எப்போது இப்படி ஆகப் போகிறோம் - இந்த நான்கு வாக்கியங்களை நாற்பது அத்தியாயங்களாக்கினால் ஜப்பான் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்துவிடும். விதிவிலக்குகள் உண்டு. 1930களில் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்த ஏ. கே. செட்டியார் எழுதியவை உண்டு. தி. ஜானகிராமனின் 'உதய சூரியன்' உண்டு. இருவரும் பார்க்கத் தெரிந்தவர்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே இதைப் பயணக் கட்டுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1979இல் நான் எழுதிய ஒரு கட்டுரைக்குத் திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது எங்களுக்கு ஒரு பத்திரிகை இருந்தது. முப்பத்திரண்டு பக்கம். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு டிரெடில் அச்சகத்தில் அச்சாகும். நண்பர்கள் நான்கு பேர் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் போட்டு நடத்தினோம். அதில் 'சுமிதா நதி' என்ற தலைப்பில் பதினோரு பக்கம் எழுதினேன். நகாய் காஃபு 1909இல் எழுதிய, அதே பெயருள்ள நெடுங்கதையைப் பற்றியது. சைடன்ஸ்டிக்கர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, காஃபுவின் வாழ்க்கை வரலாற்றோடு சேர்த்து 1965இல் வெளியிட்டிருந்தார். அந்தப் புத்தகம் சென்னையில் அமெரிக்க நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து நான்கு மாதம் அதை என்னிடமே வைத்திருந்தேன்.

கதை எளிமையானது. சோகிச்சி என்று ஒரு பையன். அவனுடைய பால்ய சிநேகிதி கெய்ஷாவாகப் போகிறாள். பாட்டு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற தாய், ஹைக்கூ ஆசானான மாமா. இவர்களைச் சுற்றி அசாகுசா, இமாதோ, முகோஜிமா என்று ஆற்றங்கரைப் பேட்டைகள். அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் சில வருஷங்கள் இருந்துவிட்டு 1908இல் ஊர் திரும்பிய காஃபு, பழைய எடோ நகரம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே எழுதிய கதை. இதை வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ சொன்னேன். ஆறு என்பது ஒரு மனநிலை என்றேன். அழிவுதான் அழகின் நிபந்தனை என்றேன். மூடுபனி, ஓடம், ஈர விளக்கு எல்லாம் வந்தன. ஜப்பானிய மனம் என்ற வஸ்து ஏதோ எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பது போன்ற உரிமையோடு பேசினேன். எனக்கு அப்போது வயது இருபத்தாறு.

அடுத்த இதழில் நண்பன் ஒருவன் பதில் எழுதினான். பத்திரிகை நடத்திய நால்வரில் ஒருவன். முந்தின நாள் சாயங்காலம்வரை என்னை 'டேய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், அச்சில் 'கட்டுரையாளர்' என்று குறிப்பிட்டிருந்தான். இரண்டே கேள்விகள். முதலாவது, கட்டுரையாளர் வர்ணிக்கிற ஆறு இன்றைக்கு எப்படி இருக்கிறது, அதில் தண்ணீர் என்ன நிறம், அவருக்குத் தெரியுமா? இரண்டாவது, கட்டுரையாளர் அச்சகத்துக்கு வரும்போது தினம் கூவத்தைக் கடந்துதான் வருகிறார், அந்தப் பாலத்தில் அவர் ஒரு நாளாவது நின்று பார்த்தவர் உண்டா? ஒரு மணி நேரம் அங்கே நின்று, பார்த்ததை இரண்டு பக்கம் எழுதட்டும். அதன் பிறகு சுமிதாவுக்குப் போகலாம் என்று முடித்திருந்தான்.

நான் மூன்று பக்கம் பதில் எழுதினேன். இலக்கிய விமர்சனத்துக்கும் சுகாதார இலாகா அறிக்கைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்று ஆரம்பித்து, மூலநூலோடு பரிச்சயமற்றவர்கள் என்று முடித்தேன். நடுவில் ஜப்பானியப் பெயர்களாகப் போட்டு நிரப்பினேன். மூலநூல் என் அலமாரியில் இருந்தது. அவன் அதைப் படித்திருக்க வழியே இல்லை. அந்த வசதியை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டேன். பத்திரிகை அதற்குப் பிறகு இரண்டு இதழ்தான் வந்தது. அவனுக்கு வங்கியில் நாக்பூருக்கு மாற்றலாயிற்று. போகிற அன்று சொல்லிக்கொள்ள வரவில்லை, நானும் போகவில்லை. 2014இல் அவன் இறந்த செய்தி மூன்று வாரம் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவில், எனக்குத் தெரிந்தது.

*

2023 நவம்பர் கடைசி வாரம் டோக்கியோ போனேன். மகள் அங்கே எட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். நகரத்தின் கிழக்குக் கோடியில், எடோகாவா வட்டாரத்தில் நிஷிகசாய் என்ற பேட்டை. இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் இடம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் தமிழ் காதில் விழுந்தது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. பணம் போட்ட ரயில் கார்டு ஒன்றைக் கையில் கொடுத்து, பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

ஓஸுவின் 'டோக்கியோ கதை' ஞாபகம் வந்தது. 1953இல் வந்த படம். ஊரிலிருந்து வரும் பெற்றோரைச் சுற்றிக் காட்டப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவிதான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறாள். எழுபதுகளில் ஃபிலிம் சொசைட்டியில் பார்த்துவிட்டு அழுதிருக்கிறேன். என்னை அந்தக் கிழவராகப் பாவித்துக்கொள்ள ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு வெட்கமாக இருந்தது. என் பெண் எனக்காக வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு சொல்லியிருந்தாள். காலையில் தோசை வார்த்து மூடி வைத்துவிட்டுத்தான் ஆபீஸ் போனாள். அவளைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பார்க்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

தாளில் முதல் இடம் அசாகுசா. சென்ஸோ-ஜி கோவில். டோக்கியோ போகிற எல்லோரும் போகிற இடம். வாசலில் தொங்கும் பெரிய சிவப்புக் காகித விளக்கின் கீழ் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருநூற்றைம்பது மீட்டருக்கு இரண்டு பக்கமும் கடைகள். பழமையான கோவில், ஐதிகத்தின்படி 628இல் தொடங்கியது. ஆனால் கட்டிடங்களைக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலானவை என்னைவிட வயதில் இளையவை. விளக்கு தொங்கும் வாசல் 1865இல் எரிந்து, தொண்ணூற்றைந்து வருஷம் இல்லாமலே இருந்து, மத்சுஷிதா மின்சாதனக் கம்பெனியின் முதலாளி கொடுத்த நன்கொடையில் 1960இல் எழுப்பப்பட்டது. பிரதான மண்டபம் 1945இல் எரிந்து 1958இல் கான்கிரீட்டில் கட்டப்பட்டது. ஐந்தடுக்குக் கோபுரம் 1973. கிழக்கு வாசலும் பக்கத்து ஷின்டோ சன்னதியும் தீயில் தப்பியவை. அங்கே படம் எடுக்கக் கூட்டமில்லை.

இந்தக் கோவிலின் மூலவரை யாரும் பார்க்க முடியாது. சுமிதாவில் மீன் பிடித்த இரண்டு சகோதரர்களின் வலையில் கான்னோன் சிலை ஒன்று கிடைத்தது என்பது கதை. கான்னோன் என்பது அவலோகிதேஸ்வரர்தான். அந்தச் சிலை மறைத்து வைக்கப்பட்டுவிட்டது. திரை விலகுவதில்லை. இதை எழுதும்போது சிதம்பரம் என்று எழுதக் கை போகிறது. போகாமல் தடுக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அதை நமக்குத் தெரிந்த ஒன்றாக உடனே மாற்றிக்கொள்வதை ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பார்ப்பதற்கென்றே வருகிற லட்சக்கணக்கான பேர், பார்க்க முடியாத ஒன்றின் முன்னால் நின்று காசைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இதை இப்படியே விட்டுவிடலாம்.

அங்கே நூறு யென் போட்டு ஜோசியச் சீட்டு எடுக்கலாம். உலோகக் குழல் ஒன்றைக் குலுக்கினால் துவாரம் வழியே ஒரு குச்சி வரும். அதிலுள்ள எண்ணைப் பார்த்து அந்த எண்ணுள்ள இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோவிலில் கெட்ட சீட்டுகள் அதிகம் என்று பெயர். எனக்கு வந்ததும் கெட்டதுதான். ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தார்கள். நோய் நீடிக்கும், தொலைந்தது கிடைக்காது, எதிர்பார்க்கிறவர் வரமாட்டார். கெட்ட சீட்டை அங்கேயே கம்பியில் கட்டிவிட்டுப் போய்விடலாம், வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. கட்டிவிட்டு வந்தேன்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் பெரிய கிங்கோ மரம் ஒன்று நிற்கிறது. இலை முழுக்க மஞ்சளாகியிருந்தது. கிட்டே போனால் அடிமரம் பிளந்து உள்ளே கரி. 1945 மார்ச் 10ஆம் தேதி எரிந்த மரம், பிறகு தழைத்திருக்கிறது. சுற்றிலும் ஆட்கள் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை கரிப் பிளவுக்குள் கையை விடப் பார்க்க, தாய் இழுத்துக்கொண்டாள்.

*

கோவிலிலிருந்து ஆற்றுக்கு ஐந்து நிமிஷ நடை. நாற்பது வருஷத்துக்கு மேலாக மனசில் வைத்திருந்த ஆற்றைப் பார்க்கக் காலை எட்டி வைத்தேன் என்று எழுதினால் பொய். கால் வலித்தது. கழிப்பறை தேடினேன். அதன் பிறகுதான் ஆறு.

அகலமான, சாம்பல் நிற, கட்டுக்குள் போகிற ஆறு. இரண்டு கரையிலும் கான்கிரீட் சுவர், அதற்கு முன்னால் நடக்கத் தோதாகத் தளம். எதிர்க்கரையில் ஒரு பீர் கம்பெனிக் கட்டிடத்தின் தலையில் தங்க நிறத்தில் பெரியதாக ஏதோ படுத்திருக்கிறது. அதற்குப் பின்னால் 2012இல் திறந்த 634 மீட்டர் கோபுரம். படகுகள் சுற்றுலாக்காரர்களோடு போகின்றன. காஃபுவின் ஓடத்துறைகளோ புல் கரையோ எதுவும் இல்லை. இல்லாமலிருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவருக்கே 1909இல் அவை பாதி போய்விட்டிருந்தன.

நண்பனின் முதல் கேள்விக்கு விடை நான் அங்கே போவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழிற்சாலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் விழுந்து, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சுமிதா கறுத்து நாறிக்கொண்டிருந்தது. கரையோரம் வருஷா வருஷம் நடக்கும் பெரிய வாணவேடிக்கை 1962 முதல் 1977 வரை நடக்கவே இல்லை. நெரிசலும் நாற்றமும் காரணம். தொழிற்சாலைகளுக்குச் சட்டம் போட்டு, சாக்கடைகளைச் சுத்திகரிப்புக்குத் திருப்பி, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு, 1978இல்தான் மறுபடி வாணம் விட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் நான் சிந்தாதிரிப்பேட்டையில் உட்கார்ந்து அந்த ஆற்றின் மூடுபனியைப் பற்றி எழுதினேன். நண்பன் தகவல் எதுவும் தெரியாமல்தான் கேட்டான். தண்ணீர் என்ன நிறம் என்று கேட்க அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

அசாகுசாவிலிருந்து வடக்கே கரையோரமாக நடந்தால் ஒரு பாலம் வருகிறது. கொட்டொட்டொய் பாலம். நாலு தடவை சொன்னால்தான் வாயில் நிற்கிறது. 'கேட்டல்', 'வினவுதல்' என்று பொருள். 'இஸே கதைகள்' என்ற பத்தாம் நூற்றாண்டுத் தொகுப்பில் வரும் ஒரு பாட்டிலிருந்து வந்த பெயர். தலைநகரை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒருவன் சுமிதாவை ஓடத்தில் கடக்கும்போது ஒரு வெள்ளைப் பறவையைப் பார்க்கிறான். அதன் பெயர் தலைநகர்ப் பறவை என்று ஓடக்காரன் சொல்கிறான். தலைநகரில் விட்டு வந்தவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அந்தப் பறவையிடம் கேட்கிறான். பிறகு மோதோமாஸா இதே பாட்டை வைத்து 'சுமிதாகாவா' என்ற நோ நாடகத்தை எழுதினார். ஆள் பிடிப்பவன் கொண்டுபோன மகனைத் தேடி வரும் தாய், அவன் போன வருஷம் இதே நாளில் எதிர்க்கரையில் செத்துப்போனான் என்பதை ஓடத்தில் கேட்கிறாள்.

அந்தப் பறவை இன்னும் வருகிறது. சிவப்பு மூக்கும் சிவப்புக் காலுமுள்ள சின்னக் கடற்பறவை. குளிர்காலத்துக்கு வந்து தங்குகிறது. பாலத்துக்குக் கீழே ஏழெட்டு மிதந்துகொண்டிருந்தன. எனக்குக் கேட்க ஒரு கேள்வியும் இருந்தது. விடை 2014லேயே தெரிந்த கேள்வி. எவ்வளவு சௌகரியமாக எல்லாம் வந்து அமைகிறது என்று தோன்றியது. இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் 1979இல் நான் எழுதியதற்கு ஜோடியாக இருக்கும்.

ஆனால் பாலம் அதற்கு மட்டும் இருக்கவில்லை.

1945 மார்ச் 10, நள்ளிரவு கழிந்ததும் ஏறக்குறைய முந்நூறு அமெரிக்க விமானங்கள் இந்த ஆற்றின் இரு கரையிலும் தீக்குண்டுகளைப் போட்டன. மர வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ஏழைப் பேட்டைகள். விடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் செத்துப்போனார்கள். அசாகுசாப் பக்கம் இருந்தவர்கள் முகோஜிமாப் பக்கம் தீ இல்லை என்று நினைத்துப் பாலத்தின் மேல் ஓடினார்கள். முகோஜிமாப் பக்கம் இருந்தவர்கள் அசாகுசாப் பக்கம் தப்பிக்கலாம் என்று ஓடிவந்தார்கள். மூட்டை, தள்ளுவண்டி, குழந்தைகளோடு நடுப்பாலத்தில் இரண்டு கூட்டமும் முட்டி நின்றுவிட்டன. முன்னால் போக வழியில்லை, திரும்பவும் வழியில்லை. காற்று தீயைப் பாலத்தின் மேல் கொண்டுவந்தது. ஆற்றில் குதித்தவர்கள் குளிரில் செத்தார்கள்.

1928இல் கட்டிய அதே பாலம்தான் இன்றும் இருக்கிறது. அதன் தூண் கற்களில் சில இடங்களில் கறுத்திருப்பது அன்றைய கறை என்று சொல்கிறார்கள். பழுது பார்த்தபோது எடுத்த ஓரக் கற்கள் சிலவற்றை அசாகுசாப் பக்கத்துப் பூங்காவில், இறந்தவர்களுக்கான நினைவுக் கல்லின் அருகே வைத்திருக்கிறார்கள். கற்களின் முன்னால் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் இருந்தது. யார் வைத்தார்களோ. நான் இருந்த அரைமணி நேரத்தில் யாரும் வரவில்லை. மகளின் தாளில் இந்த இடம் இல்லை. நான் வாங்கியிருந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை.

இரண்டு கரையிலிருந்தும் எதிர்க்கரை பத்திரம் என்று ஓடிவந்து நடுவில் முட்டிக்கொண்டவர்கள். இதைப் படித்தவுடன் எனக்குள் ஒரு உருவகம் தயாராகிவிட்டது. இலக்கியம், வாழ்க்கை என்று இரண்டு கரைகள், நானும் நண்பனும் என்று. நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதவும் எழுதிவிட்டேன். அதை இங்கே தரமாட்டேன். செத்தவர்கள் என் வாக்கியத்துக்காகச் சாகவில்லை.

*

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 10 தீயைப் பற்றி 1979இல் எனக்குத் தெரியும். நான் நான்கு மாதம் வைத்திருந்த புத்தகத்திலேயே அது இருந்தது. அன்றைய தீயில் அசாபுவிலிருந்த காஃபுவின் வீடும் எரிந்தது. ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள் எரிந்தன. அறுபத்தைந்து வயதான மனுஷர் கையெழுத்துப் பிரதிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தூரத்தில் நின்று, தன் வீடு எரிந்து முடிகிறவரை பார்த்தார். பார்த்ததை நாட்குறிப்பில் எழுதினார். 1917இல் தொடங்கி 1959இல் சாகிறதற்கு முந்தின நாள்வரை விடாமல் எழுதிய நாட்குறிப்பு அது.

இந்தப் பக்கங்களை நான் படித்தேன். கட்டுரையில் சேர்க்கவில்லை. மறதி இல்லை. சேர்த்தால் கட்டுரையின் சுருதி கெடும் என்று பட்டது. அழிவை அழகின் நிபந்தனை என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு, ஒரு லட்சம் பேர் ஒரு ராத்திரியில் எரிந்த தகவல் எங்கே பொருந்தும்? விட்டுவிட்டேன். நண்பனுக்குப் பதில் எழுதும்போதாவது சேர்த்திருக்கலாம். அவன் ஆற்றைப் பற்றித்தான் கேட்டிருந்தான், விடை என் மேஜைமேல் கிடந்தது. மூலநூலோடு பரிச்சயமில்லாதவன் என்று அவனை எழுதினேன்.

பார்க்காத ஊரைப் பற்றி எழுதக் கூடாது என்பது நண்பன் சொன்னதன் சாரம் என்றால், அதை இன்றும் நான் ஏற்கவில்லை. பார்த்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? காஃபுவே பழைய எடோ வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மரச் செருப்போடும் குடையோடும் டோக்கியோவின் சந்துகளில் நடந்து 'ஹியோரி கேதா' என்று ஒரு புத்தகம் எழுதியவர். இருப்பதை விட்டு இல்லாததைத் தேடியவர்தான். நானும் ஆற்றைப் பார்த்தேன். பார்த்த அன்றே உருவகம் செய்தேன். பார்க்காததில் இல்லை என் தவறு. படித்ததில் எனக்கு ஒத்துவராததை விட்டதில் இருக்கிறது. நண்பன் அதைத்தான் மோப்பம் பிடித்திருக்கிறான் என்று இப்போது படுகிறது. என்ன விடப்பட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, ஏதோ விடப்பட்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள் ர்யோகோக்கு பக்கம், ஆற்றின் கிழக்குக் கரையில் யோகோஅமிச்சோ பூங்காவுக்குப் போனேன். 1923 செப்டம்பர் 1ஆம் தேதி பூகம்பத்தின்போது, ராணுவ உடைக் கிடங்கு இருந்த அந்தக் காலி மைதானத்தில் அடைக்கலம் புகுந்தவர்களில் சுமார் 38,000 பேர் சுழன்று வந்த தீயில் மாண்டார்கள். இதோ சூதா என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த நினைவு மண்டபம் 1930இல் எழுந்தது. பூகம்பத்தில் இறந்தவர்களுக்கென்று கட்டிய மண்டபத்தில், பதினைந்து வருஷம் கழித்துக் குண்டுவீச்சில் இறந்தவர்களின் அஸ்தியையும் வைக்க வேண்டியதாயிற்று. மொத்தம் 1,63,000 பேர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதுவத்திச் சட்டி. ஒரு ஓரத்தில் தனியாக ஒரு கல் நிற்கிறது. பூகம்பத்துக்குப் பிறகு, கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தியில் அடித்துக் கொல்லப்பட்ட கொரியர்களுக்காக 1973இல் வைத்த கல். வருஷந்தோறும் அங்கே நடக்கும் கூட்டத்துக்கு டோக்கியோ ஆளுநர் இரங்கல் செய்தி அனுப்புவது வழக்கமாக இருந்து, 2017இல் நின்றுபோயிற்று. ஒரு நகரமும் தன் கட்டுரையில் ஒத்துவராததை விட்டுவிடத்தான் பார்க்கிறது. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், அனுபவம்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை மகளோடு வளைகுடாப் பக்கம் போனோம். ஓட்டுநர் இல்லாத ரயில். அதன் பெயர் யூரிகாமோமே. கொட்டொட்டொய் பாலத்தடியில் பார்த்த அதே பறவையின் பெயர்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பாட்டுப் பறவை, 1995இலிருந்து ரயிலாக ஓடுகிறது. இதை மகளிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு கேட்டாள்: "ஏம்ப்பா, எல்லா எடத்துலயும் எரிஞ்சதையே தேடித் தேடிப் பாக்கறீங்க?"

பதில் சொல்ல நேரமாயிற்று. பழைய நண்பன் ஒருவனைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "அவர் பையன், பொண்ணு யாராவது இருக்காங்களா? நம்பர் வாங்கித் தரட்டுமா?" என்றாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அன்று ராத்திரி தோஸாய் ரயிலில் திரும்பும்போது வண்டி பூமிக்கு மேலே ஏறி ஒரு பெரிய ஆற்றைக் கடந்தது. சுமிதாவைவிடப் பலமடங்கு அகலம். "இது என்ன ஆறு?" என்று கேட்டேன். நான்கு நாளும் இரண்டு வேளையும் இதன் மேல் போய்வந்திருக்கிறேன், கேட்கவில்லை. "அராகாவாப்பா. இதுதான் எங்க ஆறு" என்றாள். 1910இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, சுமிதாக் கரைப் பேட்டைகளைக் காப்பாற்ற மனிதர்கள் வெட்டிய வடிகால் அது. வேலை முழுக்க முடிந்தது 1930இல். காஃபுவின் ஆறு இன்று கட்டுக்குள் போவதற்கு இந்த ஆறு ஒரு காரணம்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் வண்ணத்தில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்ததை வந்த அன்றே பார்த்திருந்தேன், ஏதோ ரயில் வரைபடம் என்று நினைத்திருந்தேன். வட்டார ஆபீஸ் 2019இல் வீடு வீடாகக் கொடுத்த வெள்ள வரைபடம். எடோகாவாவில் பெரும்பகுதி ஏற்றக் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் இந்த வட்டாரத்தில் இருக்கவே கூடாது, வேறு இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அதன் அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் பெரும்புயல் வந்தபோது மகள் ஒரு பையோடு மேற்கே சிநேகிதி வீட்டுக்குப் போய் இரண்டு ராத்திரி இருந்திருக்கிறாள். போனில் என்னிடம் மழை என்று மட்டும் சொன்னாள். வரைபடத்தில் அவள் வீட்டுக்குப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். ஆறு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஆள் எங்கள் குடும்பத்திலும் உண்டு.

*

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, காலை ஏழு மணிக்குச் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்குப் போனேன். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது மோட்டார் உதிரிபாகக் கடை. மகள் விசாரித்து அனுப்பிய நாக்பூர் நம்பர் சட்டைப் பையில் இருந்தது. இன்னும் பேசவில்லை.

ஒரு மணி நேரம் நிற்பதாகத் திட்டம். தண்ணீர் கறுப்பு. நடுவில் கொஞ்சம் பச்சை. ஓட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு தெர்மோகோல் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். அரைமணியில் அது ஒரு முழம் நகர்ந்தது, கடல் பக்கமாக இல்லை. கொக்கு இரண்டு. கரையில் ஒரு பெண்பிள்ளை பல் விளக்கிக்கொண்டிருந்தாள். நாற்றம் முதல் பத்து நிமிஷம்தான், பிறகு தெரியவில்லை.

மீன் மார்க்கெட்டிலிருந்து காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மூன்று சக்கர வண்டியில் வந்த ஒருவர் என் பக்கத்தில் நிறுத்தினார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், எதுனா வுழுந்துடுச்சா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கும் கால் வலித்தது. நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மீதி இருபது நிமிஷம் பாக்கி இருக்கிறது.